கோடு ஓடும்போது கையைக் கட்டு

போன வாரம் கௌசல்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசையில் உட்கார்ந்த பெண். "அக்கா, நம்ம ஃபிளாஷ் மேசைய எடுத்துட்டாங்க. இனிமே மெஷினுக்கு சாஃப்ட்வேர் எல்லாம் சிம் வழியா தானா ஏறிடுமாம். கண்டக்டர் பையில இருக்கும்போதே ஏறிடுமாம். அந்த மேசைல நீங்கல்லாம் அப்படி இன்னாதான் பண்ணீங்கன்னு புதுசா வந்தவங்க கேக்கறாங்க. எழுதிக் குடுங்களேன், குரூப்ல போடலாம்" என்றாள்.

எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேசையை எடுத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதில் குனிந்து குனிந்து தேய்ந்துபோன கழுத்துக்கு இன்றும் தைலம் தடவிக்கொண்டிருக்கிறேன். தானாக ஏறுகிற காலம் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் "அப்படி என்னதான் பண்ணீங்க" என்ற கேள்வி சுருக்கென்று தைத்தது. அந்த மேசையில் உட்காரவும் நான் மல்லுக்கு நின்றேன். என்னை அதிலிருந்து எழுப்பப் பார்த்தபோதும் மல்லுக்கு நின்றேன். இரண்டையும் சொல்கிறேன். அது சும்மா உட்கார்ந்திருந்த இடமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

என் பெயர் ஜமீலா. திருவண்ணாமலையில் நாங்கள் எத்தனை தலைமுறை என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது, அவ்வளவு பழைய குடும்பம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் சில வருடம் இருந்தேன். கல்யாணமாகி, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்து, மறுபடி வேலை தேடியபோது தேரடித் தெருப் பக்கம் ஒரு மாடியில் இருந்த சர்வீஸ் சென்டரில் ஆள் வேண்டும் என்றார்கள். போனேன், சேர்ந்தேன். படித்த கதை அவ்வளவுதான், அதில் சுவாரசியம் ஒன்றும் கிடையாது.

அங்கே வந்ததெல்லாம் கைக்கணினிகள். வெளியில் அலைகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ளும் முரட்டு மெஷின்கள். சுற்றிலும் ரப்பர், கனமான கண்ணாடி, விரல் தடித்தவர்களும் அழுத்தும்படி பெரிய பட்டன்கள். பஸ் படிக்கட்டிலிருந்து தார் ரோட்டில் விழுந்தாலும் எழுந்து வேலை செய்யும். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியவர் ஒரு தனியார் பஸ் கம்பெனி. வேலூர், விழுப்புரம், கீழ்பென்னாத்தூர் என்று அவர்கள் வண்டி ஓடாத திசை இல்லை. அவர்களுடைய கண்டக்டர்கள் டிக்கெட் போடும் மெஷின் அத்தனையும் எங்கள் கையில்தான் இருந்தது.

சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்தது திருகு கழற்றுவதும் அழுக்குத் துடைப்பதும். ஃபிளாஷ் போடும் மேசை பக்கம் போக விடமாட்டார்கள். ஃபிளாஷ் என்பது மெஷினுக்குள் இருக்கும் நினைவகம். மெஷினை மெஷினாக ஆக்குகிற சாஃப்ட்வேர் அதில்தான் இருக்கும். பஸ் ரூட் மாறினால், நிறுத்தம் மாறினால், உள்ளே ஏதாவது கோளாறு என்று தெரிந்தால், சென்னை தலைமை ஆபீசிலிருந்து புது ஃபைல் வரும். பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். அந்த மேசையில் இருந்தவர் வேறு ஊருக்குப் போனபோது, எங்கள் சர்வீஸ் மேனேஜர் ஏகாம்பரம் சாரிடம் நேராகப் போய் நின்றேன்.

"சார், அந்த மேசைய எனக்குக் குடுங்க."

அவர் சட்டென்று பதில் சொல்லும் ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பார். "குடுக்கலாம்மா. இந்த மெஷின முழுசா கழட்டி மறுபடி மூடுங்க. நான் அத வாளித் தண்ணில போடுவேன். நாளைக்குக் காலைல தொறந்து பார்ப்பேன். உள்ள ஒரு சொட்டு இருந்தாலும் இப்ப இருக்கற இடத்துலயே இருங்க. சம்மதமா?"

மூடினேன். வாளியில் போட்டார். மறுநாள் திறந்தால் உள்ளே குளம். ரப்பர் வாஷர் ஒரு மூலையில் மடங்கியிருந்தது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று சாரிடம் இன்னொரு வாய்ப்பு கேட்டு வாங்கி இரண்டாம் முறை மூடினேன், அப்போதும் கசிந்தது. ஒரு திருகை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ரப்பர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது என்பது அன்றுதான் புரிந்தது. எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மூன்றாம் முறை சார் மெஷினைத் திறந்து, உள்ளே ஒரு தாளை வைத்து ஒற்றிப் பார்த்தார். தாள் நனையவில்லை. "போய் உக்காருங்க" என்றார். பாராட்டு என்று அவரிடமிருந்து வந்தது அவ்வளவுதான்.

இப்போது மேசை வேலையைச் சொல்கிறேன், கேட்டவர்களுக்காக.

முதலில் பேட்டரி. முழுதாக ஏறியிருக்க வேண்டும். "முக்கால்வாசி இருக்குது சார்" என்றால் "அப்ப முக்கால்வாசி மெஷின் போதுமா?" என்பார். அடுத்து, உள்ளே இருக்கும் தகவலைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைக்க வேண்டும். அடுத்து, சென்னையிலிருந்து வந்த ஃபைல் வழியில் கெடாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் எண். அதை ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்க்க வேண்டும், தானே வாசித்துத் தானே தலையாட்டுவது செல்லாது. அதற்குப் பிறகு மெஷினின் அடிப்பக்கம். அங்கே தங்க முலாம் பூசிய சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். மேசை மேல் இருக்கும் ஸ்டாண்டில் மெஷினைச் செருகினால் அந்தப் புள்ளிகள் ஸ்டாண்டின் ஸ்பிரிங் ஊசிகளைத் தொடும். அந்தத் தொடுதல் வழியாகத்தான் சாஃப்ட்வேர் உள்ளே போகும். கண்டக்டர் பையிலிருந்து வருகிற மெஷினில் வியர்வை, தூசி, வெற்றிலைச் சாறு என்று எல்லாமும் அந்தப் புள்ளிகளில் அப்பியிருக்கும். பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தால் குச்சி கன்னங்கரேல் என்று வரும். துடைத்த மெஷினைத் தட்டில் தலைகீழாக நிறுத்துவது என் பழக்கம். அடிப்பக்கம் மேலே பார்த்தபடி இருந்தால் ஈரம் சீக்கிரம் காயும், தட்டில் இருக்கும் தூசியும் ஒட்டாது.

எல்லாம் சரி என்றால் ஸ்டாண்டில் செருகி ஆரம்பிக்க வேண்டும். திரையில் ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக நகரும். ஃபிளாஷ் முதலில் தன்னிடம் இருப்பதை மொத்தமாக அழித்துக்கொள்ளும், பிறகுதான் புதியதை எழுதும். நடுவில் அந்த மெஷினுக்குத் தான் யார் என்றே தெரியாது. அப்போது தொடர்பு அறுந்தால் கையில் மிஞ்சுவது ரப்பர் போட்ட செங்கல்.

அதனால் ஏகாம்பரம் சாருக்கு ஒரு சட்டம். கோடு ஓடும்போது எல்லாரும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மெஷினைத் தொடக்கூடாது, மேசையில் சாயக்கூடாது, ஃபேன் சுவிட்சைக்கூடப் போடக்கூடாது. கோடு முடிந்து, எழுதியதை மெஷின் தானே ஒருமுறை படித்துப் பார்த்து, பச்சை எழுத்தில் சரி என்று காட்டும்வரை "முடிஞ்சுது" என்று யாரும் சொல்லக்கூடாது. ஒருமுறை பஸ் கம்பெனி முதலாளியே மாடிக்கு வந்துவிட்டார். வந்தவர் பேசிக்கொண்டே மேசையில் கையை ஊன்றப் போனார். சார் அவர் மணிக்கட்டைப் பிடித்து, "ஐயா, கோடு ஓடுது. கையைக் கட்டிக்குங்க" என்றார். அந்த மனுஷர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் என் கை கட்டியபடிதான் இருந்தது.

இப்படி வருடக்கணக்கில் போயிற்று. அந்த மேசை என்னுடையது என்று ஊரில் எல்லாக் கண்டக்டருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வந்தது அந்த ஆயுத பூஜை.

அந்த வருடம் ஆயுத பூஜை கழிந்து அடுத்த வாரமே பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக டவுனுக்குள் பஸ்ஸை விடமாட்டார்கள், ஒவ்வொரு ரோட்டிலும் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம் போடுவார்கள். அந்த நிறுத்தங்களையெல்லாம் சேர்த்துப் புது ஃபைல் வந்திருந்தது. மெஷின்கள் எல்லாம் சர்வீஸ் சென்டருக்கு வந்து குவிந்தன. கண்டக்டர்கள் அதுவரை காகித டிக்கெட்டை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை கூடுதலாக ஒரு வில்லங்கம். சுவிட்சைப் போட்டதும் மெஷினை எழுப்பிவிடுகிற சின்ன சாஃப்ட்வேர் ஒன்று ஃபிளாஷின் அடியில் இருக்கும். அதை நாங்கள் தொடுவதே இல்லை. அது உயிரோடு இருந்தால் பாதியில் அறுந்தாலும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இந்த முறை அதையும் சேர்த்து மாற்றச் சொல்லியிருந்தார்கள். அறுந்தால் டெட்.

பூஜைக்கு முந்தின நாள் நான் அத்தனை மெஷினையும் துடைத்துத் தலைகீழாக நிறுத்திவிட்டு, கீழ்பென்னாத்தூரில் ஒரு சொந்தக்காரப் பெண்ணின் நிக்காஹுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து மேசைக்குப் போனபோது என் பங்குப் பொரியும் சுண்டலும் காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சாமி படத்துக்கு முன்னால் ஒரு மெஷின் மட்டும் மாலையோடு படுத்திருந்தது, அதன் திரைக் கண்ணாடிக்குக் கீழே சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு. மாலையை எடுத்துவிட்டு அதில்தான் ஆரம்பித்தேன். பச்சை எழுத்து வந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

தட்டிலிருந்து அடுத்ததை எடுத்தேன். கோடு பாதி ஓடி நின்றது. காத்திருந்தேன், நகரவில்லை. மெஷின் டெட். இந்த மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அடுத்ததைச் செருகினேன். அதுவும் பாதியில் நின்றது, அதுவும் டெட். அடுத்ததற்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"நிறுத்திட்டீங்களா?" என்றார் சார்.

"நிறுத்திட்டேன் சார்."

"நல்லது. இனிமே ஒண்ணையும் செருகாதீங்க." அவர் போனை எடுத்து சென்னைக்குச் சொன்னார். எங்களிடம் ஒளிவு மறைவு கிடையாது, போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. சென்னை மேலாளர் நல்ல வேகமான ஆள், பதிலும் வேகமாக வந்தது.

"அதே ஃபைல இங்க ஏத்திப் பாத்துட்டோம் சார், ஒரு பிரச்சினையும் இல்ல. ஃபைல் நல்லா இருக்கு, மெஷின் நல்லா இருக்கு, அப்ப ஆள்தான் சரியில்ல. அந்தம்மாவ மேசைல உக்கார வேணாம்னு சொல்லிடுங்க. நாளைக்கு மத்தியானம் பார்சல் வண்டி வரும். எல்லா மெஷினையும் ஏத்தி அனுப்பிடுங்க. இனிமே ஃபிளாஷ் வேலை இங்கயே இருக்கட்டும், உங்களுக்கும் தலைவலி கம்மி."

மெஷின் சென்னைக்குப் போனால் பௌர்ணமிக்குள் திரும்பாது. அது பஸ் கம்பெனியின் கவலை. என் கவலை, மேசை ஒருமுறை போனால் திரும்பவே திரும்பாது. நான் மறுபடி திருகு கழற்ற வேண்டியதுதான், அதுவும் "ஆள் சரியில்லை" என்ற பெயரோடு. எனக்கு அழுகை வரவில்லை, பயங்கரக் கோபம் வந்தது. இத்தனை வருடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது இதற்காகத்தானா?

சார் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா பண்ணலாம்?"

"நாளைக்கு வண்டி வர்ற வரைக்கும் எனக்குக் குடுங்க சார். ஒண்ணுலயும் எழுத மாட்டேன். படிச்சு மட்டும் பாக்கறேன்."

"எழுதாம பாக்கறதா இருந்தா பாருங்க" என்றார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறந்தேன். மெஷினுக்குள் இருப்பதை அழிக்காமல் கம்ப்யூட்டருக்கு எடுத்துப் படித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதற்கும் அதே கோடு ஓடும், ஆனால் அறுந்தாலும் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மெஷினைச் செருகிப் படித்தேன். பாதியில் அறுந்தது. எழுதாமலே அறுந்தால் அது ஃபைலின் குற்றமில்லை. கேபிளை மாற்றினேன். அறுந்தது. பரணிலிருந்து பழைய ஸ்டாண்டை இறக்கி, ஊதித் துடைத்து வைத்தேன். நேற்று பச்சை காட்டின அந்த மாலை போட்ட மெஷினை அதில் செருகினேன். கடைசி வரை படித்தது. தட்டிலிருந்து இன்னொன்றைச் செருகினேன். அறுந்தது. மறுபடி மாலை போட்ட மெஷினையே செருகினேன். இப்போது அதுவும் அறுந்தது.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கொஞ்ச நேரம் முன்னால் நன்றாக இருந்த ஸ்டாண்டு, தட்டிலிருந்த மெஷின் வந்துபோன பிறகு கெட்டுவிட்டது. அம்மை மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டுகிறது. பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஸ்டாண்டின் ஊசிகளைத் துடைத்தேன். எப்போதும் கறுப்பாக வரும் குச்சி மஞ்சளாக வந்தது. துரு என்றால் பழுப்பாக இருக்கும். ஸ்பிரிட் காயட்டும் என்று விட்டுவிட்டு மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம்.

தட்டில் இருந்த மெஷின்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தங்கப் புள்ளிகள் மேல் மெல்லிசாகக் காய்ந்த சந்தனம், நிறத்தோடு நிறமாக ஒளிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து கண்டக்டர் முருகேசன் படியேறி வந்தார். மெஷின் எப்போது கிடைக்கும் என்று கேட்க வந்தவர். "இன்னாக்கா, பௌர்ணமிக்குள்ள குடுத்துடுவீங்களா? அந்தக் கூட்டத்துல காகிதத்தக் கிழிச்சிக்கிட்டு நின்னா ஜனங்க என்னையே கிழிச்சிடுவாங்க."

"பூஜை அன்னிக்கு நீங்க இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"நான்தான்க்கா தட்டு புடிச்சேன். சாரே ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வச்சாரு. எவ்ளோ பொறுமையா வச்சாருன்றீங்க. குங்குமம் பொடியா இருக்குது, உள்ள போயிடும்னு சொல்லி சாமி முன்னால இருந்ததுக்கு மட்டும்தான் குங்குமம். மத்ததுக்கெல்லாம் சந்தனம் மட்டும்."

குச்சியைக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இதப் போயி சார்கிட்ட சொல்லாதீங்க. சத்தம் போடாம துடைச்சிட்டு வேலையப் பாருங்க. மெஷின் பொழைச்சா போதும்ல? அவரு மனசு கஷ்டப்படும். அதுவும் நீங்க சொன்னா…"

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. பூஜை செய்ததால்தான் மெஷின் செத்தது என்று ஜமீலா என்று பெயர் வைத்த ஒருத்தி சொன்னால் எப்படிக் கேட்கும் என்று எனக்கும் தெரியும். சந்தனம் ஒன்றும் எங்களுக்கு அன்னியமில்லை, தர்காவில் சந்தனக்கூடு என்றால் எங்கள் வீட்டில் பாதிப் பேர் தெருவில்தான் இருப்போம். ஆனால் வாய்க்கு வாய் போகும்போது அதையெல்லாம் யார் யோசிக்கப் போகிறார்கள்? துடைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம்தான். அப்படி இருந்தால் மெஷின் பிழைக்கும், பஸ் பிழைக்கும். டெட் ஆன இரண்டும் என் கணக்கில் நிற்கும், "ஆள் சரியில்லை" என்பதும் நிற்கும். அதற்கு நான் தயாராக இல்லை.

சார் வந்ததும் அவர் மேசைக்குப் போனேன். ஒரு வெள்ளைத் தாளில் அந்தக் குச்சியை வைத்து அவர் முன்னால் நகர்த்தினேன்.

"சார், ஒண்ணு சொல்லணும். பூஜை அன்னிக்கு நீங்க வச்ச சந்தனம் அடிப்பக்கப் புள்ளி மேல இருக்குது. அதான் பாதில அறுந்துபோவுது."

அவர் குச்சியை எடுத்து முகர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "நான் மேல்பக்கம்தானேம்மா வச்சேன்?"

"நான் துடைச்சிட்டுத் தலைகீழா நிறுத்தியிருந்தேன் சார். மேல இருந்ததே அடிப்பக்கம்தான்."

"பொடி போயிடக் கூடாதுன்னு குங்குமம்கூட வைக்கலையேம்மா." அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவர் மேல் எனக்கு அப்படி ஓர் இரக்கம் வந்தது. மெஷினுக்குக் கெடுதல் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த மனுஷர். நானும் பார்த்துப் பார்த்துத்தான் தலைகீழாக நிறுத்தினேன். இரண்டு பேர் அக்கறையும் சேர்ந்து இரண்டு மெஷினைக் கொன்றிருந்தது.

கண்ணாடியைத் துடைக்காமலே மறுபடி போட்டுக்கொண்டு, "சரி, துடைச்சிடுங்க" என்றார்.

"நான் துடைக்க மாட்டேன் சார்."

நிமிர்ந்து பார்த்தார்.

"மத்த அழுக்கெல்லாம் நான் துடைப்பேன். இது நீங்க சாமிய கும்பிட்டு வச்ச பொட்டு. நான் கை வச்சா நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நீங்களே எடுத்துக் குடுங்க. நான் ஃபிளாஷ் போடறேன்."

அவர் எழுந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதல் மெஷினை எடுத்து, ஒரு கணம் கண்ணை மூடிவிட்டுத் துடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு புள்ளியாக, என்னைவிட நிதானமாகத் துடைத்தார். மஞ்சளான பஞ்சையெல்லாம் குப்பைக் கூடையில் போடாமல் தனியாக ஒரு தாளில் சேர்த்து வைத்துக்கொண்டார். அவர் துடைத்துக் கொடுக்கக் கொடுக்க நான் வெளிச்சத்தில் பார்த்துச் செருகினேன். கோடு ஓடும்போது இருவரும் கையைக் கட்டிக்கொண்டோம். பச்சை வந்தது, அடுத்ததும் பச்சை, அதற்கு அடுத்ததும் பச்சை.

மத்தியானம் பார்சல் வண்டிக்காரர் வந்து படியில் நின்றபடி எட்டிப் பார்த்தார். சார் கட்டிய கையை எடுக்காமலே தலையை மட்டும் ஆட்டி அவரைத் திருப்பி அனுப்பினார்.

கடைசியில் மிஞ்சியவை டெட் ஆன இரண்டும். அவற்றுக்கு ஸ்டாண்டு உதவாது. திறந்து, உள்ளே போர்டில் சோதனைக்கென்று விட்டிருக்கும் மிளகுத்தூள் அளவுப் புள்ளிகளில் மயிரிழை போன்ற கம்பிகளைப் பற்றவைத்து, நேராக ஃபிளாஷுக்கே எழுத வேண்டும். ஒரு புள்ளி பெயர்ந்தால் போர்டே குப்பை. நான் பற்றவைக்கும்போது சார் மூச்சுக்கூட விடவில்லை என்று நினைக்கிறேன். முதல் மெஷின் ஒரே முயற்சியில் எழுந்தது. இரண்டாவது அடம் பிடித்தது. ஒரு கம்பி கழன்று, மறுபடி பற்றவைத்து, மறுபடி கழன்று, என் கழுத்து நெருப்பாக எரிந்தது. "விடுங்கம்மா, ஒண்ணு போனா போவட்டும்" என்றார் சார். "போவக் கூடாது சார்" என்றேன். பச்சை வந்தபோது வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. எதிரெதிர் மூலையாகத் திருகை இறுக்கி மூடினேன்.

சார் சென்னைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான்.

"எல்லா மெஷினும் ஏறிடுச்சு சார். டெட் ஆனதும் எழுந்துடுச்சு."

"அட! என்ன சார் ஆச்சு?"

"ஆயுத பூஜைல நான் வச்ச சந்தனம். அடிப்பக்கம் ஒட்டிக்கிச்சு."

அந்தப் பக்கம் வெடித்துச் சிரித்தார் மேலாளர். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்கிறார், அவர்களும் சிரிக்கிறார்கள். எல்லாம் எங்களுக்குக் கேட்டது. சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிரித்து முடித்த மேலாளர், "சார், நீங்க பெரியவரு. இத அப்படியே ரிப்போர்ட்ல போட்டா மேல வரைக்கும் சிரிப்பாங்க, உங்க மரியாதை போயிடும். ஆபரேட்டர் தப்புன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

நான் சார் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"ஆபரேட்டர்னா யாரு சார்? ஜமீலா அம்மாதானே?" என்றார் ஏகாம்பரம் சார். "அவங்க துடைச்சு வச்சதுல தப்பு இல்ல, ஃபிளாஷ் போட்டதுல தப்பு இல்ல. சந்தனம் வச்ச கை என்னுது. என் பேரப் போடுங்க. மேசை இங்கதான் இருக்கும், அவங்கதான் உக்காருவாங்க. இதையும் எழுதிக்கங்க."

நான் சட்டென்று எழுந்து பின்பக்க ஜன்னலுக்குப் போய்விட்டேன். முந்தின நாள் வராத அழுகை அப்போது வந்தது.

பௌர்ணமிக்கு பஸ்கள் எல்லாம் மெஷினோடுதான் ஓடின. முருகேசன் கிழிபடாமல் தப்பித்தார். ஆனால் மேலாளர் சொன்னது நடந்தது. எங்கள் கம்பெனியின் எல்லாக் கிளையிலும் கதை பரவி, ஏகாம்பரம் சாருக்கு "சந்தன சார்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மீட்டிங்குக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஒரு தடவைகூட அவர் "அது அந்தம்மா தலைகீழா வச்சதால" என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதானே.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு நான் எங்கேயும் போகவில்லை. முன்னறையில் பூஜை முடிந்ததும் சார் சந்தனக் கிண்ணத்தோடு என் மேசைக்கு வந்தார். மெஷின்கள் தட்டில் தலைகீழாகத்தான் நின்றன, நான் என் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் கிட்டே வந்து நின்றுவிட்டார். சந்தனத்தில் விரலை வைக்கவில்லை.

"எங்கம்மா வைக்கணும்?" என்றார்.

நான் முதல் மெஷினை எடுத்து நேராகத் திருப்பி, முதுகுப்பக்கம் பேட்டரி மூடியின் நடுவே விரலை வைத்துக் காட்டினேன். "இங்க சார். இந்த மூடி மேல மட்டும். இதுக்குக் கீழ ஒரு துளி எறங்குச்சு, அப்புறம் நீங்க மேனேஜர்னு பாக்க மாட்டேன்."

கூடியிருந்த கண்டக்டர்கள் எல்லாம் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார்கள்.

"சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, நான் காட்டிய இடத்தில் வைத்தார்.